கால் செத்துக் கிடக்கு

உங்களுக்கு வேறு வேலை வெட்டியே கிடையாதா? கம்பியூட்டரைக் குத்தினால் காருக்கு என்ன வருத்தம் என்று எழுத்திலேயே வருகிற காலம் இது. எவனோ ஒருவனின் கோழிக்கூட்டுக்குள் கிடந்த மொரிஸ் மைனர் ஒன்றைத் தூக்கி வந்து, சாயம் பூசி, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு விடப்போகிறீர்களாம். கிளச் சரியாக விடுகிறதில்லையாம். அதற்கு நான் வழி சொல்ல வேண்டுமாம். ஐந்து ஆம்பிளைகள் வரிசையாக நிற்கிறீர்கள், கையில் சான்றிதழ் வேறு. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைக் கண்டு ஓடியவளிடம் கேட்க வெட்கமாக இல்லையா?

கேட்டது கேட்டுவிட்டீர்கள், இருங்கள். கிளச்சை இழுக்கிற றொட்டை, அந்த இரும்புத் தண்டை, எப்படித் திருப்புவது என்று நான் சொல்லப்போவதில்லை. காருக்கு அடியில் படுத்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் விளங்கும். நட்டை ஒரு பக்கம் திருப்பினால் இறுகும், மறுபக்கம் திருப்பினால் தளரும். அதற்கு மூளை தேவையில்லை, முதுகுதான் தேவை. என் முதுகு எப்போதோ போய்விட்டது. நான் சொல்லப்போவது நான் விட்ட ஒரு பிழையைப் பற்றி. அதைக் கேட்டுவிட்டுப் போய் உங்கள் மொரிஸுக்குக் கீழே படுங்கள்.

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை உடுத்த சாரனோடு வந்து குடியேறுகிறவர். என் மாப்பிள்ளை சாரனோடு ஒரு ஸ்பனர் பெட்டியையும் கொண்டுவந்தார். வந்து மூன்றாம் மாதம் என் முருங்கை மரத்தை வெட்டி எறிந்துவிட்டு அந்த இடத்தில் கிடுகால் ஒரு கராஜ் போட்டார். அன்றைக்கு ஆரம்பித்த சண்டை அவர் சவூதிக்குப் போகும்வரை தீரவில்லை. எனக்கு வேலை பழக்கிய ஆள் அவர்தான். பெயர் என்னவென்று கேட்காதீர்கள். எங்கள் காலத்துப் பெண்கள் மாப்பிள்ளையின் பெயரை வாயால் சொல்வதில்லை. பிள்ளைகளின் வாப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் சவூதிக்குப் போன பிறகும் கார்கள் வருவது நிற்கவில்லை. "பாஸ் ஊரில இல்ல" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். கல்முனை கார் நிறுத்தத்தில் நின்ற பாதிக் கார்களுக்கு எங்கள் கராஜை விட்டால் கதியில்லை. ஸ்பனர் எடுத்துக் கொடுத்தும், அவர் ஏசுவதைக் கேட்டும் எட்டு வருடம் போயிருந்தது. கை தானாகவே பழகியிருந்தது. ஒரு நாள் ஒருத்தரின் கிளச்சைச் செய்து கொடுத்தேன். மறுநாள் மூன்று கார் வந்தது. பிள்ளைகளின் வாப்பா விட்டுப்போன களிசானை உடுப்புக்குக் கீழே இழுத்துக் கட்டி, முக்காட்டைக் கழுத்தில் இறுக்கி, பன்பாயை விரித்துக் காருக்கு அடியில் போய்விடுவேன். வேலிக்கு அந்தப் பக்கத்து மைமூன் மச்சி முதல் நாள் பார்த்துவிட்டு, "என்ன கா, கப்றுக் குழிக்குள்ள போறாப்போல போறாய்" என்றாள்.

"ஓம் மச்சி. கப்றுக்குள்ள கிறீஸ் இல்லயாம். அதான் இஞ்ச பழகிட்டுப் போறன்" என்றேன்.

சிரித்தாள். ஆனால் ஊர் முழுக்க ஒரே கதைதான்: பொம்பளை கை பட்ட கார் ஒரு நாள் நடு றோட்டில் நிற்கும். அந்த நாளுக்காகவே ஊர் காத்திருந்தது என்று சொன்னாலும் பிழையில்லை.

சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லை. எனக்குக் கடிதம் எழுதவும் வராது, வாசிக்கவும் வராது. அந்தக் காலத்தில் கசட்டில் பேசி அனுப்புவோம். சவூதிக்குப் போகிற யாரிடமாவது கொடுத்தால், அங்கிருந்து வருகிற ஒருவரின் கையில் மறுமொழி வரும். அதற்கு ஒரு மாதமும் போகும், இரண்டு மாதமும் போகும். ஒரு பக்கத்தில் பிள்ளைகளுக்குச் சலாமும் புத்திமதியும், மறுபக்கத்தில் கியர் பெட்டி. எங்கள் வீட்டில்தான் கசட் ரேடியோ இருந்தது, ஆகவே அக்கம்பக்கம் எல்லாம் கேட்க வந்துவிடும். அவர் எனக்கென்று ஒரு வார்த்தை ஆசையாகச் சொன்னால் பத்துப் பெண்களின் முன்னால் நான் தலையைக் குனிய வேண்டும். அதனால் அவர் கிளச்சைப் பற்றியே அதிகம் பேசினார்.

இரண்டு வார்த்தை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று "சும்மா". கிளச்சு மிதிபலகையைக் கையால் அமர்த்தினால் முதல் கொஞ்சத் தூரம் ஒன்றுமில்லாமல் சும்மா இறங்கும். அந்தச் சும்மா ஒரு விரக்கடை, அதாவது ஒரு விரல் அகலம், இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் கிளச் தேய்ந்து சாகும். கூடினால் கியர் கரகரவென்று அழும். மற்றது "கால்". மிதிபலகை, பெடல் என்று நாங்கள் சொல்வதில்லை. கிளச்சுக் கால், பிரேக்குக் கால். "கால் இறங்குது", "கால் இறுகிட்டு" என்றால் காரின் கால். இந்த வார்த்தையால்தான் நான் கெட்டேன்.

சீனித்தம்பி காக்கா எங்கள் ஊரின் பெரிய றைவர். சொந்தமாக ஒரு மொரிஸ் மைனர், சாம்பல் நிறம். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவார். "செருப்புப் போட்டு ஓட்டுறவன் கையுறை போட்டுச் சோறு திங்கிறவன்" என்பார். வருடா வருடம் ஹஜ்ஜுக்குப் போகிறவர்களைக் கொழும்புக்கு ஏற்றிப்போவது அவர்தான். வேறு கார்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் ஏற்றிப்போனால்தான் பயணம் நல்லபடி முடியும் என்று ஒரு நம்பிக்கை. கிழவர்களும் கிழவிகளும் பின் சீட்டில் நித்திரையாகவே கொழும்புப் பாதையில் மலை ஏறுகிற பதினெட்டு வளைவையும் தாண்டிவிடுவார்களாம். அந்தப் பெயர்தான் அவருடைய சொத்து.

ஒரு நாள் வந்தார். காரை விட்டு இறங்காமலே சொன்னார்:

"தங்கச்சி, கால் செத்துக் கிடக்கு."

"கிளச்சுக் காலா?"

"ஓம். எவடத்தில பிடிக்கிதெண்டே தெரியுதில்ல. அமத்தினா அமத்தினாப்போல இல்ல, விட்டா விட்டாப்போல இல்ல."

அடியில் போய்ப் பார்த்தேன். சும்மா கொஞ்சம் கூடியிருந்தது. ஒரு விரக்கடைக்குக் கொண்டுவந்தேன். நானே ஏறி முற்றத்தில் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தேன். நல்ல கிளச். சந்தோசமாகப் போனார்.

இரண்டு கிழமைக்குள் திரும்பி வந்தார். "கால் இன்னும் சாவு" என்றார். பின்கள் தேய்ந்திருந்தன, மாற்றினேன். காலுக்கு உணர்வு வரட்டும் என்று கொஞ்சம் விறைப்பான ஸ்பிரிங் ஒன்றும் போட்டேன். மிதிக்கிற இடத்தில் ரப்பர் தேய்ந்து வெறும் இரும்பு பளபளத்தது. பழைய டயரில் ஒரு துண்டு வெட்டி, கட்டுக்கம்பியால் சுற்றிக் கட்டிவிட்டேன். கம்பியின் நுனியை முறுக்கி வெட்டினேன். அந்த நுனியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களில் எத்தனை பேர் நுனியை மடித்து உள்ளே தள்ளுகிறீர்கள்? தெரியும். நானும் தள்ளவில்லை.

மூன்றாம் முறை வந்தபோது எனக்குக் கோபம். கிளச்சுக்குள் இருக்கிற கரி வளையம் தேய்ந்து தூளாகியிருந்தது. அது அப்படித் தேய ஒரே ஒரு காரணம்தான் உண்டு. ஓட்டுகிறவர் காலை எடுக்காமல் கிளச்சின் மேலேயே வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்.

"காக்கா, நேத்துப் பழகின பொடியனப்போல கிளச்சுக்கு மேல காலத் தூக்கி வெச்சிக்கிட்டு ஓடுறீங்க."

"இல்ல தங்கச்சி."

"வளையம் பொய் சொல்லுமா?"

"வல்லாஹி நான் வைக்கல்ல!" என்று அல்லாஹ்வின் மேல் சத்தியம் செய்தார். முகம் சிவந்துவிட்டது.

தாடி நரைத்த மனிதன் ஒரு கரி வளையத்துக்காகப் பொய்ச் சத்தியம் செய்கிறாரே என்று உள்ளுக்குள் அவரை மட்டமாக நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா? வளையத்தை மாற்றிக் கொடுக்கும்போது, "இத ஒங்கட கால் திண்டா அடுத்தத ஒங்கட விலா எலும்பில செஞ்சி போடுவன்" என்று சொல்லி அனுப்பினேன். பகிடி என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

கசட்டிலும் சொல்லி அனுப்பினேன். "சீனித்தம்பி காக்காட கார். கால் செத்துக் கிடக்காம். மூணு தரம் செஞ்சிட்டன், மறுகாவும் அப்பிடித்தானாம்." மறுமொழி வந்தது. பத்துப் பெண்கள் சுற்றி இருக்க அவர் குரல் கேட்டது: "பிழ காரில இல்ல, ஒன்ட கையில. திரும்பப் பிரிச்சிப் பூட்டு." மைமூன் மச்சி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்த அவருக்கும் அந்த ஒரு வார்த்தை காரின் காலாகத்தான் கேட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் வேறு கால் இருப்பது நினைவுக்கே வரவில்லை.

அந்த வருடத்து ஹஜ்ஜுப் பயணம் வந்தது. போகிறவர்கள் எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி இருந்த வயதான புருசனும் பொஞ்சாதியும். வீடு வீடாக வந்து பொறுத்துக்கொள்ளச் சொல்லிப் பயணம் சொன்னார்கள். அந்தக் கிழவி என் கறுத்த கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்ட முருங்கக்காயக் கேக்காமப் பறிச்சிருக்கன் புள்ள, பொறுத்துக்க" என்றாள். பதினைந்து வருடத்துக்கு முன் வெட்டின மரம். பொறுத்தேன். விடிந்தால் பயணம். கிழவனும் கிழவியும், கூட்டிப்போகும் மகளும், மகளின் கைப்பிள்ளையும். கார் சீனித்தம்பி காக்காவினுடையது.

அன்று மத்தியானம் ளுஹர்த் தொழுகை முடிய அவர் வந்தார். "தங்கச்சி, கடசியா ஒருக்காப் பாருங்க. நாளைக்கு வளைவு ஏறணும். கால் இன்னும் செத்துத்தான் கிடக்கு."

எனக்கு அன்றைக்கு உடம்பு முழுக்க அலுப்பு. வெயில், பிள்ளைக்குக் காய்ச்சல், கசட்டில் வாங்கின ஏச்சு. பாயை விரித்து அடியில் போனேன். றொட் நல்லம். பின்கள் நல்லம். சும்மா சரியாக ஒரு விரக்கடை. வெளியே வந்து கதவைத் திறந்து மிதிக்கும் இடத்தைப் பார்த்தேன். நான் கட்டின கம்பியின் நுனி மேலே நிமிர்ந்து நின்றது. அதில் ஏதோ கபிலமாக ஈரம். வெற்றிலைச் சாறு என்று நினைத்து விரலால் தொட்டேன். வெற்றிலை இல்லை.

அவர் கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வந்துகொண்டிருந்தார். சீமெந்துத் தரையில் அவர் வந்த தடம் தெரிந்தது. வலது கால் வைத்த இடத்தில் தண்ணீர். இடது கால் வைத்த இடத்தில் தண்ணீரும் இரத்தமும். ஒரு அடிகூட நொண்டவில்லை. சாரனை உயர்த்திப் பிடித்தபடி, பள்ளிவாசல் படியில் ஏறுகிறவர் மாதிரி நிமிர்ந்து வந்தார்.

பெட்டியிலிருந்து ஸ்குரூ ட்ரைவரை எடுத்தேன்.

"காக்கா, ஏறி இரிங்க. கண்ணப் பொத்துங்க."

"என்னத்துக்கு?"

"எவடத்தில பிடிக்கிதெண்டு கண்ண மூடிச் சொல்லுங்க. தொறந்திருந்தா கண்ணால சொல்லிப்போடுவீங்க."

ஏறி இருந்து கண்ணைப் பொத்தினார். இடது காலைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். இடப்பக்கக் கதவைத் திறந்து, முழங்காலில் நின்று, ஸ்குரூ ட்ரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் மரப்பிடியை அவருடைய உள்ளங்காலில் வைத்தேன்.

"தட்டுதா?"

"இல்ல."

அழுத்தினேன். "இப்ப?"

"இல்ல."

சதை குழி விழும்வரை அழுத்தினேன்.

"நீங்க இன்னும் கிளச்சுக் காலக் குடுக்கல்ல தங்கச்சி" என்றார்.

வலது காலின் பெருவிரலில் மெல்லத் தொட்டேன். துள்ளினார். "ஆ! அது பிரேக்குக் கால்!"

கண்ணைத் திறந்தார். ஸ்குரூ ட்ரைவரின் பிடி எங்கே இருக்கிறது என்று பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு நல்ல றைவருக்கு றோட்டில் எதுவும் ஒளிக்க முடியாது. அவருக்கும் விளங்கிவிட்டது, எனக்கும் விளங்கிவிட்டது.

"எத்தின நாளா காக்கா?"

"நோம்புக்கு முன்ன இரிந்து. ஆசுபத்திரியில சீனி வருத்தம் எண்டு ஒருக்காச் சொன்னானுகள். பேரிலயே சீனி இரிக்கி, அது எங்க போகப்போகுது எண்டு சிரிச்சிட்டு வந்திட்டன்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "நான் ஒங்களுக்குப் பொய் சொல்லல்ல. கால் செத்துக் கிடக்கெண்டு வந்த நாளெல்லாம் சொன்னன்தானே."

சொன்னார்தான். நான்தான் கேட்கவில்லை. சத்தியமும் செய்தார். காலை வைக்கவில்லை என்றுதான் அவருக்கும் தெரியும். கால் தானாகப் போய்க் கிளச்சின் மேல் படுத்திருந்ததை யார் அவருக்குச் சொல்ல?

"நாளைக்குப் போகாதீங்க" என்றேன்.

"றோட்டு எனக்குப் பாடம். கால் வேணுமெண்டில்ல."

"பதினெட்டு வளைவு காக்கா. ஒரு வளைவில கிளச்ச விரக்கடை பிசகி விட்டாப் போதும், கார் நிண்டு பின்னால உருளும். கைப்புள்ள இரிக்கி."

"எனக்குத் தெரியாதா?" அந்தக் கேள்வியை அவர் உரத்துக் கேட்கவில்லை. "தெரிஞ்சிதான் ஒங்கட்ட வாறன். ஒங்கட கையால சரிவந்திரும் எண்டு நெனச்சன். ஹாஜிமார சீனித்தம்பி ஏத்திப்போறான் எண்டு ஊரே சொல்லுது. இண்டைக்கு நான் ஏலா எண்டா, ஏன் எண்டு கேப்பாங்க. செத்த காலோட எத்தின நாள் நம்மட புள்ளயள ஏத்தித் திரிஞ்சானெண்டு கேப்பாங்க. மறுகா எனக்கு ஊரில முகம் எங்க? என்ட மகளுக்கு வீடு கூரைக்கு வந்து நிக்கிது. வருத்தக்காரன்ட மகளெண்டா அதுக்கு யாரு வருவா?"

பின்னேரத் தொழுகைக்கு, அசருக்கு, பாங்கு கேட்டது. "முடிச்சி வைங்க. தொழுதிட்டு வாறன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார். செருப்பு சரியாக மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் போனார். அதைப் பார்க்கத்தான் என்னால் ஏலவில்லை.

நான் பன்பாயில் இருந்து யோசித்தேன். ஹஜ்ஜு வீட்டுக்குப் போய்ச் சொன்னால் போதும், நான்கு உயிர் தப்பும். ஆனால் பொழுதுபட்டு மஃரிபுக்குள் செய்தி பக்கத்து மருதமுனையையும் நிந்தவூரையும் தொட்டுவிடும். சொல்லாமல் விட்டால் அவர் மானத்தோடு போய் ஒரு வளைவில் நிற்பார். இரண்டில் எது சரி என்று கேட்க ஆள் இல்லை. கசட் போட்டால் மறுமொழி வர இரண்டு மாதம். எனக்கு இருந்தது ஒரு தொழுகை நேரம்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். வேலை தெரிந்த கைக்குச் சரியாக இருக்கிற சாமானைக் கெடுப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அந்த றொட்டைக் கழற்றிப் பிடிகருவியில் இறுக்கினேன். சுத்தியலைத் தூக்கினேன். முதல் அடி வழுக்கியது, கை மனம் வைக்கவில்லை. பிஸ்மி சொல்லி இரண்டாம் அடி. மூன்றாம் அடியில் மரை இருந்த கழுத்தில் முறிந்தது. அப்படி ஒரு றொட் கல்முனையில் எந்தக் கடையிலும் இல்லை. கொழும்பிலிருந்து வர வேண்டும். என் கையாலேயே மூன்று முறை சரி செய்த றொட். அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், அதனால் அழவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கேட்டைத் திறந்துகொண்டு தெருவுக்கு வந்தேன். பள்ளிவாசலில் தொழுகை கலைந்து ஆட்கள் வருகிற நேரம். சீனித்தம்பி காக்கா ஹஜ்ஜுக் கிழவனோடு பேசிக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று நான் கத்தினேன்.

"காக்கா, என்னப் பொறுத்துக்கங்க! இறுக்குறன் எண்டு போட்டு றொட்ட முறிச்சிப் போட்டன். கார் இண்டைக்குமில்ல, நாளைக்குமில்ல!"

தெரு நின்றது. மைமூன் மச்சியின் தலை வேலிக்கு மேல் எழும்பியது. அவர் என் கையில் இருந்த இரண்டு துண்டையும் பார்த்தார். சுத்தியல் பட்ட அடையாளம் பளபளவென்று இருந்தது. றைவர் எவனுக்கும் அது என்னவென்று தெரியும். ஒரு கணம், இவர் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று பயந்தேன்.

அவர் துண்டு இரண்டையும் என் கையிலிருந்து பறித்தார். "பொம்புளக்கிட்டக் காரக் குடுத்தது என்ட பிழ!" என்று ஊருக்குக் கேட்கக் கத்தினார். "பாஸ் இரிந்தா இப்பிடி வருமா? சட்டி கழுவுற கைக்கு ஸ்பனர் எதுக்கு?" இன்னும் என்னென்னவோ ஏசினார். அவர் ஏசி நான் கேட்டது அன்றைக்கு ஒரு நாள்தான். தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். கத்தக் கத்த அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கோபத்தில் அழுகிறார் என்று ஊர் நினைத்தது.

ஹஜ்ஜுக் கிழவன்தான் இடையில் வந்தார். "விடு சீனித்தம்பி. அவவும் மனிசிதானே. எங்கட நசீபு வேற காரில எழுதியிரிக்கி." விடிய வேறொரு காரில் போனார்கள்.

எல்லோரும் கலைந்த பிறகு அவர் மெதுவாக, "றொட் எப்ப வரும்?" என்று கேட்டார்.

"ஒங்கட காலுக்கு ஆசுபத்திரியில மருந்து கட்டி முடியும்போது வரும். அதுக்கு முந்தி வராது."

தலையை ஆட்டினார். மறுநாள் ஆசுபத்திரிக்குப் போனார். ஒரு விரலை எடுத்தார்கள், கால் தப்பியது. அதற்குப் பிறகு அவர் கார் ஓட்டவில்லை. பிறகு மகளுக்கு வந்த மருமகன் ஓட்டினான், அவர் கார் நிறுத்தத்தில் கதிரை போட்டு இருந்து வருகிற ஹயர் ஓட்டங்களை மற்றக் கார்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்.

இதில் எனக்கு நன்றாக முடிந்தது என்று ஒன்றும் இல்லை. மாதக் கணக்கில் ஒரு காரும் வரவில்லை. பாய் சுருட்டினபடி கிடந்தது. பிள்ளைகளின் வாப்பாவுக்கு யாரோ சொல்லி, ஒரு கசட் முழுக்க எனக்கு ஏச்சு வந்தது, இரண்டு பக்கமும். அவருக்காவது உண்மையைச் சொல்லலாம்தான். ஆனால் நான் கசட்டில் சொன்னால் அங்கே அவரோடு இருக்கிற நம்மூர் ஆட்கள் எல்லாம் கேட்பார்கள். பேசாமல் இருந்தேன். என் வேலையில் பிழை இருந்ததும் பொய்யில்லை. றொட்டில் இல்லை, கம்பி நுனியில். அவருடைய காலைக் கிழித்தது நான் மடிக்காமல் விட்ட கம்பி. ஆகவே வாங்கின ஏச்சில் பாதி எனக்குரியதுதான் என்று வைத்துக்கொண்டேன். மற்றப் பாதியை யாருக்குக் கொடுப்பது? சுமந்தேன்.

நீங்கள் இப்போது கேட்பீர்கள், வேறு வழி இருந்திருக்காதா என்று. இருந்திருக்கலாம். இத்தனை வருடமாக யோசிக்கிறேன், இன்னும் அகப்படவில்லை. ஆனால் ஒருவன் ஒரே குறையோடு மூன்று முறை வந்தால் அவன் சொன்ன வார்த்தையைத் திருப்பி அவனிடமே கேளுங்கள். "எந்தக் கால்?" என்று நான் முதல் நாள் கேட்டேன்தான். ஆனால் "கிளச்சுக் காலா?" என்று மறுமொழியை நானே என் கேள்விக்குள் வைத்துக் கொடுத்துவிட்டேன்.

சீனித்தம்பி காக்கா ஆசுபத்திரியிலிருந்து வந்த கிழமை, பெரிய வெள்ளைக் கட்டோடு கோல் ஊன்றி எங்கள் தெருவால் போனார். என் வீட்டைப் பார்த்து நின்று தலையை அசைத்துவிட்டுப் போனார். மைமூன் மச்சி அதைக் கண்டுவிட்டாள். பின்னேரம் நான்கைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு வேலியடிக்கு வந்துவிட்டாள். கண்ணெல்லாம் சந்தேகம்.

"என்ன கா, சீனித்தம்பிட கால்ல கட்டு? விரல எடுத்திட்டாங்களாம். மனிசனுக்கு ஏதும் வருத்தமா? ஒனக்குத் தெரியாம இரிக்காதே."

நான் சுளகை எடுத்து அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கினேன். அவர்களுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

"வருத்தமா? அவருக்கா? குதிர போல மனிசன். அண்டைக்கு றொட்ட முறிச்சனெல்லோ, அது போதாதெண்டு ஜாக்கியையும் அவர்ர காலுக்கு மேல போட்டுட்டன். வெளிய சொல்லிப்போடாதீங்க கா. ஓம், அதுவும் நான்தான்."